பயன் என்ற கட்டம்

ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்
பாஸ்புக்கில் விழுந்த அன்று
பண்ணைக்காடு வங்கியில் கேட்டார்கள்:
என்னம்மா, கடனா?
இல்லை சார், தீ
என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கிராம வனக்குழுவுக்கு நான் பொருளாளர்.
பத்தாவது தேறியதற்கு
ஊர் கொடுத்த தண்டனை.

தீத்தடுப்புக் கோடு: நீளம் நான்கு கிலோமீட்டர்,
அகலம் ஆறு மீட்டர், என்கிறது காகிதம்.
மலை மீட்டருக்கு நிற்பதில்லை.
வழுக்குப்பாறைக்குக் கீழே
டேப்பின் ஒரு நுனியைச் சடையாண்டி பிடித்துக்கொண்டு
மறுநுனிக்கு ஆள் தேடினார்.
மறுநுனி பள்ளத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

தை போனதும் புல் அப்பளமாகிவிடும்.
உண்ணிச்செடியை வேரோடு பறித்தோம்.
போதைப்புல்லை அறுத்தோம்,
அதன் எண்ணெய் வாசம்
சோற்றிலும் வந்தது.
பதினேழு பேர், ஒன்பது நாள்.
சம்பளத்தன்று பூவாயிக்கு
கட்டைவிரல் கொப்பளத்தில் ரேகை விழவில்லை.
வேறு விரலை வை என்றேன்.
"எந்த வெரலு அறுத்துச்சுன்னு
கவர்மெண்டுக்குத் தெரியவா போவுது?"

சருகை ஊதும் இயந்திரம் ஒன்றும் வந்தது,
ஆரஞ்சு நிறம், தோளில் மாட்டுவது.
எந்தத் தலைப்பில் பெட்ரோல் என்று கேட்டேன்.
வனவர் லூர்துராஜ்
தன் தலையைத் தடவிக்கொண்டார்.
அதுவரை அது என் வீட்டுப் பரணில்
கோழிகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

கணக்கு ஆண்டு முடிய ஒன்பது நாள் இருக்கையில்
பெட்ரோலுக்கு மூவாயிரத்து நானூறு வந்தது.
அன்று ராத்திரியே
தீயும் வந்தது.

எங்கள் பக்கம் இல்லை.
எதிர்ச் சரிவில், ஊத்துமேட்டில்.
அவர்களுக்குக் கோடு கிடையாது.
மனுவில் ஒரு கையெழுத்து குறைந்ததால்
திரும்பி வந்த மனு அது.
ஓடையைத் தாண்டினால்
எங்கள் எல்லை முடிந்தது,
காகிதத்தில்.

பதினேழு பேரும் தாண்டினார்கள்.
பச்சைத் தழையால் அடித்தார்கள்,
விடியும்வரை,
இருமி இருமி.
காப்பித் தோட்டத்தில் பாதி மிஞ்சியது.
காலையில் ஜீப்புகள் வந்தன.
கருகிய சரிவை எல்லாக் கோணத்திலும்
படம் எடுத்தார்கள்.

எல்லை தாண்டிய உழைப்புக்குத் தலைப்பு இல்லை.
பதினேழு பேர், ஆளுக்கு இருநூறு,
கூட்டிப் பாருங்கள்.
நான் முன்பே கூட்டிவிட்டேன்.

தணிக்கைக்கு வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்:
முப்பத்து மூன்று லிட்டர்
ஒரே ராத்திரியிலா?
ஆமாம் சார்,
அன்று காற்று அதிகம்.
அவர் என்னைப் பார்த்தார்.
பரண் பக்கம் பார்க்கவில்லை.
பச்சை மையில் டிக் போட்டார்.

எல்லாம் நிரப்பிவிட்டேன்.
பணிக்கு முன் படம், பணிக்குப் பின் படம்.
இரண்டிலும் அதே காடு,
அதே நாவல் மரம், அதே மேகம்கூட.
கடைசிக் கட்டம் மட்டும் காலி:
பயன்.

வராத தீயை எப்படிப் படம் எடுப்பது?
எரியாத கூடுகளை யார் எண்ணுவது?
கருகாத நாவல் மரம்
எந்த ரசீதில் கையெழுத்துப் போடும்?

'ஒன்றும் நடக்கவில்லை'
என்று எழுதினேன்.
அலுவலக எழுத்தர் அடித்துவிட்டு
'திருப்திகரம்' என்று மாற்றச் சொன்னார்.
மாற்றினேன்.
இரண்டும் ஒரே நீளம்தான் இருந்தன,
அந்தச் சின்னக் கட்டத்துக்குள்.

சித்திரையில் இரண்டு மழை.
கோட்டில் புல் முழங்கால்வரை.
எங்கே வெட்டினோம் என்று
எனக்கே இப்போது தெரியவில்லை.

புது மனுப் படிவம் வந்திருக்கிறது.
இந்த முறை இரண்டு வாங்கினேன்,
ஊத்துமேட்டுக்கும் சேர்த்து.
முதல் கேள்வி:
இப்பகுதியில் ஏற்கெனவே கோடு உள்ளதா?

எங்கள் தாளில் எழுதினேன்:
இருந்தது.